ராஜாக்கள் இல்லாத ராஜவீதி

பாரிசில் லாச்சப்பல் பக்கம் போய்வந்த தமிழர்களுக்கு ஃபோபூர் சென் டெனி தெருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மளிகைக் கடை, புடவைக் கடை, நகைக் கடை, கொத்துரொட்டிச் சத்தம், எல்லாம் அங்கேதான். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசி வாக்கில் மாணிக்க விநாயகர் தேர் அந்த வட்டாரத் தெருக்களில்தான் வரும், தேங்காய் குவியல் குவியலாக உடைபடும். அந்தத் தெருவில் தெற்கு நோக்கி, ரயில் நிலையத்தைத் தாண்டி 20, 25 நிமிடம் நடந்தால், குறுக்கே ஒரு பெரிய சாலையும் அதை ஒட்டி ஒரு பிரம்மாண்டமான கல் தோரணவாயிலும் வரும். அதோடு 'ஃபோபூர்' என்கிற முன்னொட்டு போய்விடும். ஃபோபூர் என்றால் மதிலுக்கு வெளியே வளர்ந்த ஊர். வாசலைத் தாண்டி உள்ளே போனால் அது வெறும் சென் டெனி தெரு, பாரிசின் மிகப் பழைய தெருக்களில் ஒன்று.

இந்தத் தெருவை 1802-ல் ஓர் ஆங்கிலேய இளைஞன் நீர்வண்ணத்தில் வரைந்தான். பெயர் தாமஸ் கிர்ட்டின். அதே வருடம் நவம்பரில், 27 வயதில், இறந்துபோனான். ரொமான்டிக் காலத்து நீர்வண்ண ஓவியங்களில் பழைய நகரத்தெருவை வரைந்தவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் இந்த ஒன்றை எடுத்து விளக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தெருவை ஊரின் அடையாளச் சின்னமாகப் பார்க்காமல் தெருவாகவே பார்க்கிற கண் எப்படி உருவானது, அதற்குத் தாளும் தண்ணீரும் என்ன செய்தன என்பதையெல்லாம் இந்த ஒரு படத்திலேயே பிடித்துவிடலாம்.

முதலில் தெரு. பிரான்ஸ் அரசர்களில் பெரும்பாலானவர்களைப் புதைத்தது பாரிசுக்கு வடக்கே இருக்கும் சென் டெனி பேராலயத்தில். முடிசூடிய புது ராஜா ஊருக்குள் பவனி வந்ததும் இந்த வழியாகத்தான், இறந்த ராஜாவின் உடல் ஊரைவிட்டுப் போனதும் இந்த வழியாகத்தான். நம் ஊர்க்கணக்கில் சொன்னால் இதுதான் அவர்களுடைய ராஜவீதி. ஆனால் அகலமான வீதி என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு பக்கமும் நெருக்கியடித்த உயரமான வீடுகள், கீழே கடைகள், நடுவில் சாக்கடை ஓடும் கல் பாவிய தரை, நடைபாதை என்று தனியாக எதுவும் கிடையாது. கும்பலும் வண்டியும் கூச்சலும் நாற்றமும் நிறைந்த ஒரு வியாபாரத் தெரு, அதிலேதான் ராஜ ஊர்வலமும்.

அந்த வாசலை 1672-ல் பதினான்காம் லூயிக்காகக் கட்டியவர் பிரான்சுவா பிளோந்தெல் என்கிற கட்டடக்கலைஞர். சுமார் 24 மீட்டர் உயரம். இதில் கவனிக்க வேண்டியது, லூயி அதற்கு முன்னாலேயே பாரிசின் பழைய மதில்களை இடிக்கத் தொடங்கியிருந்தார். எதிரி இவ்வளவு தூரம் வரமாட்டான், மதில் எதற்கு என்கிற தைரியம். ஆக, பிறக்கும்போதே இது மதில் இல்லாத ஊர்வாசல். யாரையும் தடுக்காது, கதவும் கிடையாது, ராஜாவின் போர் வெற்றிகளைக் கல்லில் சொல்லிக்கொண்டு நிற்பது மட்டும்தான் அதன் வேலை.

அப்புறம் புரட்சி வந்தது. 1793 ஜனவரி 21-ம் தேதி காலை, பதினாறாம் லூயியைக் கில்லட்டினுக்குக் கொண்டுபோன வண்டி இந்த வாசலை ஒட்டிய பெருஞ்சாலை வழியாகத்தான் போனது. அதே வருடம் அக்டோபரில் சென் டெனி பேராலயத்து அரச சமாதிகளைத் தோண்டி, எலும்புகளை எடுத்து, பொதுக் குழியில் போட்டார்கள். எங்கிருந்தோ வரும் ராஜா இல்லை, போய்ச் சேரும் சமாதியும் இல்லை. வாசலும் தெருவும் மட்டும் அப்படியே நின்றன. கிர்ட்டின் பார்த்தது அந்தத் தெருவை.

கிர்ட்டின் 1775-ல் லண்டனின் சதக் பகுதியில் பிறந்தவன். சின்ன வயதிலேயே எட்வர்ட் டேய்ஸ் என்கிற ஓவியரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். அந்தக் காலத்தில் நீர்வண்ணம் என்றாலே பெரும்பாலும் நிலக்காட்சிப் பதிவு வேலை. ஒரு பிரபுவின் மாளிகை, ஒரு பாழடைந்த மடாலயம், ஒரு பாலம், இவற்றைச் சரியாக, அளவு பிசகாமல் வரைந்து கொடுத்தால் செதுக்குபவர் அதைச் செப்புத்தகட்டில் ஏற்றி அச்சிடுவார். படத்துக்கு வண்ணம் என்பது மேல்பூச்சு மட்டும்தான்.

1790-களின் நடுவில் டாக்டர் தாமஸ் மன்றோ என்ற ஒரு மருத்துவர் வீட்டில் மாலை நேரங்களில் இளம் ஓவியர்கள் கூடுவார்கள் (நம் ஊரில் பெயர் நிலைத்த சென்னை கவர்னர் மன்றோ வேறு, இவர் வேறு, இவர் மனநோய் மருத்துவர்). அங்கே கிர்ட்டினும், அவனோடு அதே வருடம் பிறந்த டர்னரும் உட்கார்ந்து, ஜான் ராபர்ட் கோசன்ஸ் என்கிற மூத்த ஓவியரின் இத்தாலிய, சுவிஸ் காட்சிகளைப் பிரதி எடுத்தார்கள். சாயங்காலம் 6 மணிக்குப் போனால் இரவு 10 வரை. கிர்ட்டின் கோட்டுருவம் போடுவான், டர்னர் வண்ணம் ஏற்றுவான், டர்னருக்கு ஒரு இரவுக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ். இந்த விவரம் ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியரின் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த மேசையில் எழுந்தவைதான் அடுத்த ஐம்பது ஆண்டு ஆங்கில நீர்வண்ணத்தின் இரண்டு பெரிய கைகள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் பிரமிப்பாக இருக்கிறது.

பிரான்சும் பிரிட்டனும் 1793 பிப்ரவரியிலிருந்து போரில். ஏறக்குறைய ஒன்பது வருடம் ஆங்கிலேயர் யாரும் சாதாரணமாகப் பாரிசுக்குப் போக முடியவில்லை. 1801 அக்டோபரில் முதல்கட்ட உடன்பாடு, 1802 மார்ச்சில் ஆமியான் ஒப்பந்தம். கதவு திறந்ததும் ஆங்கிலேயர்கள் திரண்டு போனார்கள். மறுபடி 1803 மே மாதம் போர் மூண்டுவிட்டது, அப்போது அங்கே மாட்டிக்கொண்ட ஆங்கிலேய ஆண்களை நெப்போலியன் பிடித்து வைத்துவிட்டார். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் போனவன்தான் கிர்ட்டின். 1801 நவம்பரில் கிளம்பினான், 1802 மேயில் திரும்பினான். கிளம்பும்போது மனைவி நிறைமாதம், உடம்பில் நெஞ்சுநோய் முற்றியிருந்தது. டிசம்பரில் லண்டனில் மகன் பிறந்தபோது தகப்பன் பாரிசில் இருந்தான்.

இந்த நிலையில் ஏன் போனான்? உடம்பு ஒரு காரணம், பிழைப்பு இன்னொன்று. கிர்ட்டின் அப்போது லண்டனைச் சுற்றிப் பார்ப்பது போன்ற ஒரு மாபெரும் பனோரமா ஓவியம் செய்துகொண்டிருந்தான். சுற்றளவு 108 அடி, உயரம் 18 அடி. வட்டமான கூடத்தின் சுவரெல்லாம் படம், நடுவில் நீங்கள் நிற்பீர்கள், தலையைத் திருப்பினால் ஊர் முழுக்கத் தெரியும். ராபர்ட் பார்க்கர் என்பவர் 1787-ல் காப்புரிமை வாங்கிய கண்காட்சி முறை அது, ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நின்று பார்த்தார்கள். பாரிசிலும் அதைக் காட்டலாம் என்பது அவன் ஆசை. ஆனால் பிரான்சில் பனோரமாவுக்கான காப்புரிமை 1799-லேயே வேறு கைக்குப் போயிருந்தது. அது நடக்கவில்லை. கடைசியில் அந்தப் பனோரமா 1802 ஆகஸ்டில் லண்டன் ஸ்பிரிங் கார்டன்ஸில் திறந்தது. இன்று அந்த ஓவியம் இல்லை, அதற்காக அவன் செய்த ஆயத்தப் படங்கள் சில பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

பனோரமா நடக்காததால் பாரிசில் அவன் வேறொரு வேலையைக் கையில் எடுத்தான். ஊரின் காட்சிகளை வரைந்து, 20 தகடுகளாக எட்சிங் செய்வது, அதாவது செப்புத்தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சுக்குத் தயார் செய்வது. குதிரைவண்டியை வாடகைக்கு எடுத்து அதற்குள் உட்கார்ந்தே வரைந்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். உளவாளி என்று பிடித்துவிடுவார்களோ என்ற பயம் என்பது ஒரு விளக்கம், குளிர் தாங்காத நெஞ்சு என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அச்சுத் தொகுப்பில் இந்த வாசலுக்கும் ஒரு தகடு உண்டு, தலைப்பே 'புறநகரிலிருந்து பார்த்த சென் டெனி வாசல்'. அதாவது ஃபோபூர் பக்கம் நின்று பார்த்த பார்வை, நம் ஆட்கள் கடை வைத்திருக்கும் அதே தெருவின் கீழ்முனை.

அச்சுக்கு மட்டும் இல்லாமல் இந்தத் தெருவை நல்ல அளவில் நீர்வண்ணமாகவும் செய்தான். லண்டன் கோவென்ட் கார்டன் நாடக அரங்கின் மேடைக் காட்சிக்கு மாதிரியாகச் செய்த படம் என்று இதைச் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படத்தின் அமைப்பு சட்டென்று பிடிபடும். இரண்டு பக்கமும் உயரமான வீடுகள் மேடையின் பக்கத்தட்டிகள் மாதிரி ஏறி நிற்கின்றன, மேலிருந்தும் கீழிருந்தும் கோடுகள் உள்ளே ஓடுகின்றன, ஓடிப்போய் அந்தத் தோரணவாயிலில் முட்டுகின்றன. நாடகக் கொட்டகையில் பின்திரையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. தெருவே ஒரு மேடையாக இருக்கிறது.

ஆனால் மேடைத்தந்திரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. பாரிசின் வெற்றித் தோரணங்களை வரைந்த மற்றவர்கள் என்ன செய்வார்கள்? தோரணத்தை நடுவில் வைத்து, பக்கத்தில் போய், சிற்பம் சிற்பமாக, எழுத்து எழுத்தாக வரைவார்கள். ராஜாவுக்கு எடுத்த கல், அதற்குரிய மரியாதை. கிர்ட்டினுக்குத் தோரணம் தெருவின் முடிவில் வரும் ஒரு பொருள், அவ்வளவுதான். படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது பெயரில்லாத வீடுகள். காரை பெயர்ந்த சுவர்கள், வரிசை வரிசையாக ஜன்னல்கள், ஒழுங்கில்லாமல் முளைத்த புகைபோக்கிகள். இவற்றில் எந்த ஜன்னலையும் அவன் எண்ணி எண்ணி வரையவில்லை. தூரிகையின் ஓர் அழுத்தம், ஒரு ஜன்னல். இன்னோர் அழுத்தம், இன்னொன்று. கிட்டப் போனால் கறுப்புத் திட்டு, எட்டி நின்றால் வீடு.

இந்த இடத்தில் தொழில்நுட்பத்தைப் பேசாமல் நகர முடியாது, ஏனென்றால் மாற்றம் நடந்தது அங்கேதான். அதற்கு முந்தைய தலைமுறை நீர்வண்ணத்தில் மூன்று படி: முதலில் பேனாவால் கோட்டுருவம், பிறகு நிழல் விழும் இடங்கள் எல்லாவற்றிலும் சாம்பல் நிற வாஷ் (தண்ணீரில் கரைத்துப் பரப்பும் பூச்சு), அதெல்லாம் காய்ந்தபின் மேலே மெல்லிய வண்ணச் சாயல். அடியில் சாம்பல் கிடப்பதால் மேலே எந்த வண்ணம் போட்டாலும் கொஞ்சம் சோகையாகத்தான் தெரியும். வண்ணமிட்ட வரைபடம் என்றே அதைச் சொன்னார்கள், ஓவியம் என்று சொல்லவில்லை. கிர்ட்டினும் அப்படித்தான் பழகினான், டேய்ஸிடம் கற்றதே அதுதான். பிறகு விட்டுவிட்டான். நிழலில் இருக்கும் செங்கல் சுவரா, நிழலின் வண்ணத்தையே கலந்து நேராகத் தாளில் வைத்தான். கெட்டியான, ஈரம் நிறைந்த, பெரிய பெரிய வாஷ். ஒன்று காய்வதற்குள் இன்னொன்று தொட்டால் கலந்துவிடும், காய்ந்தபின் தொட்டால் விளிம்பு நிற்கும், இரண்டையும் தெரிந்து பயன்படுத்த வேண்டும். எண்ணெய் வண்ணம் மாதிரி தப்புப் போனால் வழித்துவிட்டு மறுபடி போட முடியாது.

தாள் விஷயத்திலும் அவனுக்குப் பிடிவாதம் இருந்தது. அப்போது நல்ல நீர்வண்ணத் தாள் என்றால் வழவழப்பான வெள்ளைத் தாள். கிர்ட்டின் விரும்பி எடுத்தது கார்ட்ரிட்ஜ் தாள், கெட்டியானது, சொரசொரப்பானது, பழுப்புச் சாயலுள்ளது. மடித்து விற்றதால் நடுவில் மடிப்புக் கோடு இருக்கும், அங்கங்கே புள்ளியும் துருவலும் இருக்கும். அவன் படங்களில் வானத்தின் குறுக்கே அந்த மடிப்பு சில சமயம் அப்படியே தெரியும். முதலில் முகம் சுளித்த வாங்குபவர்கள் பிறகு அந்த மடிப்பையும் புள்ளியையும் பார்த்துத்தான் இது கிர்ட்டின் கைதான் என்று உறுதி செய்துகொண்டார்கள். அந்தச் சொரசொரப்புக்கு ஒரு வேலை உண்டு. தூரிகையை வேகமாக இழுத்தால் தாளின் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும், பள்ளத்தில் தாள் வெளியே தெரியும். பழைய காரைச்சுவருக்கு அதைவிட நல்ல தோல் கிடையாது.

வெளிச்சத்துக்கு வெள்ளை வண்ணம் பூசும் பழக்கமும் இல்லை. வெயில் படும் இடம் என்றால் அங்கே வண்ணத்தை மெல்லியதாக விட்டுவிட வேண்டும், அல்லது தொடாமலே விட வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு வரும் ஒளி தாளில் பட்டுத் திரும்பி, வண்ணத்துக்குள்ளே புகுந்து வருகிறது. கிர்ட்டின் 1800-ல் வரைந்த 'செல்சீயின் வெள்ளை வீடு' படத்தில் ஆற்றங்கரையில் பளிச்சென்று நிற்கும் அந்த வீடு, ஏறக்குறைய தாளேதான். இந்தத் தெருப்படத்திலும் கூரைகளுக்கு நடுவே திறக்கும் வானமும் வெயில் தொட்ட சுவர்களும் அப்படி வந்தவை.

இதில் ரொமான்டிக் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நிலவு இல்லை, இடிந்த கோபுரம் இல்லை, புயல் இல்லை. என் பார்வையில், இடத்தைவிட அந்த இடத்தின் மேல் நிற்கும் பொழுதுக்கு அவன் முக்கியத்துவம் கொடுத்ததுதான் அது. ஒரு நிலப்பதிவு ஓவியர் தெருவில் என்னென்ன இருக்கிறது என்று சொல்வார். கிர்ட்டின் அந்தத் தெருவில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறான். பெரிய நிழல் ஒன்று, பெரிய வெளிச்சம் ஒன்று, நடுவில் ஊர். பழசு என்பதற்காக அவன் அந்த வீடுகளை அழகுபடுத்தவும் இல்லை, பரிதாபப்படுத்தவும் இல்லை. பின்னால் வந்த ரொமான்டிக் தெருப்பட ஓவியர்கள் பலர் மரவேலைப்பாடுள்ள சாய்ந்த வீடு, தொங்கும் துணி, கூடைக்காரி என்று தேடித்தேடிப் பழமையைச் சேர்த்தார்கள். அவையும் அழகுதான், ஆனால் நான்கு பார்த்தபின் ஐந்தாவது அலுத்துவிடும். கிர்ட்டினிடம் அந்தச் சேகரிப்பு ஆசை இல்லை என்பதால்தான் இந்தப் படம் இன்னும் பழசாகவில்லை என்று நினைக்கிறேன்.

அவன் படங்களைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று நம் கண்ணுக்குத் தெரியும் வண்ணம் பல இடங்களில் அவன் போட்ட வண்ணம் இல்லை. கிர்ட்டின் வானத்துக்கும் சாம்பல் நிறங்களுக்கும் அதிகமாகப் பயன்படுத்தியது இண்டிகோ, நம் அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் அதே நீலம். அந்தக் காலத்தில் வங்காளத்திலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்குப் போனது. துணியில் ஆழமாக ஊறி நிற்கும் சாயம், தாளில் மெல்லிய வாஷாக வைத்தால் வெளிச்சம் அதைத் தின்றுவிடும். சாம்பல் வரவழைக்க இண்டிகோவோடு ஒரு சிவப்பு மண்ணைக் கலந்திருப்பான். ஆண்டுக்கணக்கில் சுவரில் மாட்டியிருந்தால் நீலம் போய்விடும், மண் சிவப்பு போகாது. குளிர்ந்த மேகமாக இருந்தது இளஞ்சிவப்பாகவும் பழுப்பாகவும் மாறிவிடும். பழைய படத்துக்கு ஒரு மாலைநேரத் தங்கநிறம் இருக்கிறதே, என்ன அழகு என்று நாம் மயங்குவோம். ஓவியன் வரைந்தது குளிர்காலத்து முற்பகலாக இருந்திருக்கலாம்.

இது 19-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய சண்டையாக வந்தது. நீர்வண்ணங்களை அரசுக் கண்காட்சிகளில் வெளிச்சத்தில் மாட்டி வைப்பதா கூடாதா என்று பத்திரிகைகளில் அடித்துக்கொண்டார்கள். பிறகு வில்லியம் ஜேம்ஸ் ரஸல், வில்லியம் ஆப்னி என்ற இரண்டு அறிவியலாளர்கள் வண்ணங்களைப் பூசிய தாள்களை வெயிலில் வைத்துச் சோதித்து 1888-ல் அறிக்கை கொடுத்தார்கள். வெளுக்கும் வண்ணங்களின் வரிசையில் இண்டிகோவும் இருந்தது. இன்று மியூசியங்களில் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் கணக்கு, அதுவும் சில மாதங்களுக்கு, அப்புறம் பெட்டிக்குள். இருட்டான கூடத்தில் நின்று படம் சரியாகத் தெரியவில்லையே என்று எரிச்சல்படுவோம், அதற்குக் காரணம் இதுதான். சட்டத்தின் அட்டைக்குக் கீழே மறைந்திருந்த ஓரங்களில் மட்டும் பழைய நீலம் விரல் அகலத்துக்குத் தப்பியிருக்கும். பாதுகாப்பு வேலை செய்பவர்கள் அட்டையைத் தூக்கும்போது அந்த நீலக்கோட்டைப் பார்த்துத்தான் வானம் முதலில் என்னவாக இருந்தது என்று ஊகிக்கிறார்கள்.

லண்டன் திரும்பிய கிர்ட்டினுக்கு மீதி இருந்தது ஆறே மாதம். அந்த ஆறு மாதத்தில் 20 தகடுகளுக்கும் கோட்டுருவ எட்சிங்கை முடித்தான். மென்மெழுகு முறை அது: செப்புத்தகட்டில் கொழுப்புக் கலந்த மெழுகைப் பூசி, மேலே தாளை விரித்து, தாளில் பென்சிலால் வரைந்தால், அழுத்திய இடத்தில் மெழுகு தாளோடு ஒட்டிக்கொண்டு வரும், தகட்டை அமிலத்தில் வைத்தால் பென்சில் கோட்டின் சொரசொரப்பு அப்படியே இறங்கும். நிழல்களை மற்ற கைவினைஞர்கள் அக்வாடின்ட்டில், அதாவது வாஷ் போன்ற நிழலை அச்சில் கொண்டுவரும் அமில முறையில், ஏற்றினார்கள். 1802 நவம்பர் 9-ம் தேதி அவன் இறந்தான். தொகுப்பை அவன் சகோதரன் ஜான் 1803-ல் வெளியிட்டான். "டாம் கிர்ட்டின் உயிரோடு இருந்திருந்தால் நான் பட்டினி கிடந்திருப்பேன்" என்று டர்னர் சொன்னதாகச் சொல்வார்கள். டர்னர் 76 வயது வரை வாழ்ந்தார்.

சரி, தெரு என்ன ஆனது? ராஜவீதியாக இருந்தது கலகவீதியானது. 1827-லும் 1832-லும் இந்தத் தெருவிலும் சுற்றியும் தடுப்பரண்கள் எழுந்தன, குறுகலான தெரு என்பதால் நான்கு வண்டியைக் கவிழ்த்தால் போதும், ராணுவம் நின்றுவிடும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பழைய பாரிசைப் பிளந்து அகலமான சாலைகள் போட்டார்கள். அதில் ஒன்றான செபாஸ்தபோல் பெருஞ்சாலை 1858-ல் திறந்தது, சென் டெனி தெருவுக்கு இணையாக, பக்கத்திலேயே. இடிந்தது பக்கத்து வீடுகள். போக்குவரத்தும் ஆடம்பரமும் புதுச் சாலைக்குப் போனதால் பழைய தெரு தன் அகலத்திலேயே தப்பித்தது. 1878 ஜூன் 30-ல் தேசியக் கொண்டாட்டத்துக்குக் கொடி கட்டிய சென் டெனி தெருவை மோனே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார், ருவான் நகரத்து மியூசியத்தில் இருக்கிறது. கொடிகளே படம் முழுக்கப் படபடக்கின்றன, வீடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. கிர்ட்டினின் தெருவையும் அதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நல்ல வேடிக்கையாக இருக்கும்.

லாச்சப்பலில் சாமான் வாங்கப் போனால், பையைத் தூக்கிக்கொண்டு கீழே அந்த வாசல் வரை ஒரு நடை நடந்து பாருங்கள். பெருஞ்சாலையைக் கடந்துவிடாதீர்கள், ஃபோபூர் பக்கமே நில்லுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து தெரிவது வாசலின் வடக்கு முகம், அதனால் அதன்மேல் வெயில் நேராக விழுவது அரிது. காலையில் போனால் தெருவின் மேற்குப் பக்கத்து வீடுகள் வெளுத்திருக்கும், சாயங்காலம் போனால் கிழக்குப் பக்கம். நடுவில் வாசல் மட்டும் சாம்பலாக நிற்கும்.